சாமியறையில் இருந்த பிலிம் றோல்

அன்று இருட்டறை வாசலில் ஐந்து பேர் இருந்தோம்.

துஷி. உரும்பிராய் ஸ்ரூடியோ இப்போது அவளுடையது. படம் கழுவுகிற வேலை முழுக்க அவள் கையில்.

கஜன். துஷியோடு சேர்ந்து தொழில் செய்கிறவன். திகதி முடிந்த பிலிமைத் தேடி வாங்கி, கலியாண வீடுகளில் டிஜிற்றலோடு அதிலும் கொஞ்சப் படம் எடுத்துக் கொடுக்கிறவன்.

வசந்தி. மயிலிட்டிக்காரி. ஐம்பதை நெருங்குகிறவர். மடியில் ஒரு கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ரூபன். வசந்தியின் தம்பி. சொந்தப் படகில் கடலுக்குப் போகிறவன். காலையில் மீனைக் கொடுத்துவிட்டு அப்படியே வந்திருந்தான். மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டி கட்டியபடி நின்றது.

மற்றது நான். கடையைத் துஷியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவன். கூப்பிட்டால் வருவேன்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் என்னைக் கண்டால் பழைய பிலிமைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எத்தனை வருடம் தாங்கும், பிறிஜ்ஜில் வைக்கலாமா, மேல் தட்டா கீழ்த் தட்டா. அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அன்று நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுங்கள்.

வசந்தி கைப்பையைத் திறந்து ஒரு கறுப்புக் குப்பியை எடுத்தார். பிலிம் வருகிற சின்னக் குப்பிதான். ஆனால் மூடியில் சந்தனப் பொட்டு. பக்கமெல்லாம் திருநீறு பிடித்து வெளிறிக் கிடந்தது.

கஜன் சிரித்துவிட்டான்.

"என்னக்கா, பிலிமுக்குப் பொட்டு வைச்சிருக்கிறியள்?"

"பிலிம் இல்லைத் தம்பி. எங்கடை அப்பா" என்றார் வசந்தி.

கஜன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நான் குப்பியைத் திறந்து பார்த்தேன். முப்பத்தாறு படம் எடுக்கிற கறுப்பு வெள்ளை றோல். வெளியே நீட்டி நிற்கிற நுனி, நாங்கள் நாக்கு என்கிறது, உள்ளே போயிருந்தது. எடுத்து முடித்துச் சுற்றிய றோல், கழுவவில்லை. திகதி பார்த்தேன். ரூபனுக்கு மீசை முளைக்க முன்னமே முடிந்துவிட்டது.

நீங்கள் எல்லோரும் பெட்டியில் இருக்கிற திகதியைத்தான் முதலில் பார்க்கிறீர்கள். எனக்குத் தொழில் தந்த முதலாளி அதைப் பார்க்கமாட்டார். "எங்கை கிடந்தது?" என்று கேட்பார். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களுக்கு வந்த பிலிம் எல்லாம் திகதி முடிந்ததுதான். சித்திரை வெயில் தொடங்கினால் வீட்டில் எந்த மூலை குளிர் என்று உள்ளங்காலால் தேடுவார். அந்த மூலை அவர் படுக்கிற மூலையாக இருந்தால், பாயைத் தூக்கி விறாந்தையில் போட்டுவிட்டுப் பிலிம் பெட்டியை அங்கே வைப்பார். அவருடைய மனுசி சொல்லுவா, "பிலிமுக்கு அறை. புருசனுக்கு விறாந்தை. எனக்கு அடுப்படி." அவர் காதில் விழாதது மாதிரி இருப்பார். எங்கள் கடைப் பிலிம் மட்டும் ஊரில் கெடவில்லை.

பாவிக்கிற விதமும் அவரிடம் கண்டதுதான். ஒரு கலியாண வீடு. பிலிம் பழசு. மாப்பிள்ளை பொம்பிளையை மண்டபத்துக்குள் எடுக்க மறுத்து, நடு மத்தியானம் முற்றத்தில் நிற்பாட்டினார். பொம்பிளையின் தாய் ஏசினா. "பிள்ளை கறுத்துப் போவாள்." இவர் சொன்னார், "பிள்ளை கறுத்தா நாளைக்கு வெளுக்கும். படம் கறுத்தா கறுத்ததுதான்." பழைய பிலிமுக்குக் கண் மங்கல். வெளிச்சத்தைக் கூடக் கொடுக்கவேண்டும். பேச்சு வாங்கினாலும் கொடுக்கவேண்டும்.

ஆகவே நானும் வசந்தியிடம் அதையே கேட்டேன்.

"இது எங்கை கிடந்தது, பிள்ளை?"

அவர் சொன்னார். வசந்தி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டில் எடுத்த படம். எடுத்தவர் ஊர் ஸ்ரூடியோக்காரர். கழுவ முன்னம் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. ஓடுகிற அவசரத்தில் அவர் றோலைத் தகப்பனிடம் கொடுத்து, "என்னட்டை கழுவிற மருந்து இல்லை. நீங்களே வைச்சிருங்கோ" என்றாராம். கொஞ்ச நாளில் தகப்பன் விட்டுவந்த படகை எடுக்கப் போனார். திரும்பவில்லை. வீட்டில் இருந்த படம் எல்லாம் வீட்டோடு போயிற்று. மிச்சம் இந்த றோல்.

"அம்மா முதல்லை அரிசி போடுற தகரப் பேணிக்குள்ளை வைச்சவ" என்றார் வசந்தி.

"நல்லது. ஈரம் பிடிச்சிராது."

"பேந்து முகாமிலை தகரக் கொட்டில். அங்கையும் அரிசிக்குள்ளைதான்."

"சரி."

"பேந்து சாமியறை."

"சாமியறையிலை எங்கை?"

"விளக்குக்குப் பக்கத்திலை."

வெள்ளிக்கிழமை விளக்கு. திவசத்துக்குப் படம் வைக்க வேண்டிய இடத்தில் இந்தக் குப்பி. அதற்குப் பூ, அதற்குச் சாம்பிராணி, அதற்குக் கற்பூரம். ஊர் ஊராக மாறினாலும் இது மாறவில்லை. மயிலிட்டியில் ஆமி காணியை விட்ட பிறகு புது வீடு கட்டினார்கள். அங்கும் அப்படித்தான்.

மற்றவர்கள் கெடுத்த பிலிம் கன விதம் கண்டிருக்கிறேன். கார் டாஷ்போட்டில் வைத்துக் கெடுத்தவன், ரீவிக்கு மேல் வைத்துக் கெடுத்தவன். கும்பிட்டுக் கெடுத்தது இதுதான் முதல்.

துஷி கேட்டாள். "ஏனக்கா இவ்வளவு காலமும் கழுவக் குடுக்கேல்லை?"

"அம்மா விடேல்லை. கழுவி ஒண்டும் இல்லாட்டி என்ன செய்யிறது எண்டு கேப்பா. இருக்கட்டும், உள்ளுக்கை இருக்கிறார் எண்டுவா."

அம்மா போன வருடம் காலமாகிவிட்டாவாம். இப்போது சுவரில் அவவின் படம் மட்டும் தொங்குகிறது. பக்கத்தில் ஆணி அடித்திருக்கிறார்கள். படம் இல்லை.

ரூபன் இப்போது சொன்னான்.

"அக்காவுக்கு முகம் ஞாபகம் இருக்கு அண்ணை. எனக்கு அப்ப மூண்டு வயசு. றோட்டிலை என்னைக் கடந்து போனாலும் எனக்கு அவரைத் தெரியாது."

வேலை என்னவென்று அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஒரு முகம். அதைக் கழுவ ஒரு தரம்தான் முடியும்.

கஜன் உள்ளே போய்ப் பிறிஜ்ஜைத் திறந்து ஒரு பெட்டியோடு வந்தான்.

"ஐயா, நீங்கள் தந்த பெட்டிக்குள்ளை இதே பிலிம் ஒண்டு கிடக்கு. அதே கொம்பனி, திகதியும் கிட்டத்தட்ட அதுதான். முதல்லை இதைக் கழுவிப் பாத்து நேரத்தைக் கண்டுபிடிப்பம்."

கெட்டிக்காரன். ஆனால் நான் வேண்டாம் என்றேன்.

"அது குளிருக்கை நித்திரை கொண்ட பிலிம். இது விளக்குக்குப் பக்கத்திலை நிண்ட பிலிம். அதைக் கேட்டால் இதுக்கு வருத்தம் என்னெண்டு சொல்லுமோ?"

"அப்ப?"

"இதிலைதான் வெட்டிப் பாக்கவேணும்."

ஒரு துண்டு வெட்டி அதை மட்டும் முதலில் கழுவுவது. அது எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்து மிச்சத்துக்கு முடிவு எடுப்பது. துண்டில் இருக்கிற படம் போய்விடும். எந்த நுனியில் வெட்டுவது? அதுதான் கேள்வி.

நான் வசந்தியிடம் கேட்டேன். "அப்பா எப்ப எடுத்த படத்திலை நிக்கிறார்?"

"கடைசியிலை. தாய்மாமன்தானே முன்னுக்கு நிண்டவர். அப்பா பந்தி, சமையல் எண்டு பின்பக்கம். எல்லாம் முடிஞ்சு, நானும் அம்மாவும் அவரும் தம்பியும் நிண்டு எடுத்தது."

"முதல் படம்?"

"நிறைகுடமும் பிள்ளையாரும்."

கேட்காமலே எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஸ்ரூடியோக்காரர் எல்லோரும் அப்படித்தான். றோல் போட்டவுடன் முதல் படம் சாமிக்கு. பிலிம் தட்டுப்பாட்டிலும் அதை விடமாட்டார்கள்.

"அப்ப முன் நுனியிலை வெட்டுவம்" என்றேன்.

வசந்தி எழும்பிவிட்டார்.

"பிள்ளையாரையோ? பிள்ளையாரை வெட்டவோ?"

"ஓம்."

"ஏலாது. அம்மா இத்தினை வருசமும் விளக்கு வைச்சவ. முதல் வேலையா அவரை வெட்டினால் பேந்து என்ன வரும்?"

"அக்கா, பிள்ளையார் எங்கடை ஊர்ச் சந்தியெல்லாம் இருக்கிறார். அப்பா இதுக்குள்ளை மட்டும்தான்" என்றான் ரூபன்.

"நீ வாயை மூடு. கோயிலுக்குப் போறதும் இல்லை, கதை மட்டும் வந்திட்டுது."

கஜனுக்கு மனம் கேட்கவில்லை. அவனும் வெள்ளிக்கிழமை விரதக்காரன். மெதுவாகச் சொன்னான். "ஐயா, மற்ற நுனியிலை வெட்டினால் என்ன? கடைசிப் படத்துக்குப் பிறகு கொஞ்சம் வெறும் பிலிம் இருக்கும்தானே. சாமியையும் தொடத் தேவையில்லை."

இப்போது நீங்கள் வாங்குகிற றோலில் இருக்கும். எண் முப்பத்தாறு காட்டியதும் நீங்கள் சுற்றிவிடுகிறீர்கள். அந்தக் காலத்தில் அப்படி நிற்பாட்டியவன் எங்களில் ஒருவனும் இல்லை. கமராவின் நெம்பு இறுகும்வரை இழுப்போம். இறுகிய பிறகும் இன்னொன்று கிடைக்குமா என்று பார்ப்போம். பின் நுனியில் வெறும் பிலிம் இருக்கும் என்று நான் நம்பத் தயாரில்லை. அதைச் சொன்னேன்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பிள்ளை, நீங்கள் சொல்லாமல் நாங்கள் வெட்டமாட்டம். வேண்டாமெண்டால் குப்பியை அப்பிடியே கொண்டு போகலாம்."

இதை நினைவில் வையுங்கள். படம் அவர்களுடையது. அவசரப்படுத்தி ஒரு ஓம் வாங்கினால், பிழைத்தால் அது உங்கள் பிழை, சரிவந்தாலும் அவர்கள் மனம் ஆறாது. காத்திருக்கவேண்டும்.

நாங்கள் காத்திருந்தோம். துஷி பிளேன் ரீ போட்டாள். ஒருவரும் குடிக்கவில்லை.

வசந்தி குப்பியின் மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னார். "எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிக்கிறவர் அவர்தானே. தடையை விலக்கத்தானே முன்னுக்கு வைக்கிறது." கொஞ்சம் பொறுத்து, "வெட்டுங்கோ. அவர் விலகி வழி விடுவார்."

கஜன் கைகழுவிவிட்டு வந்து குப்பியைத் தொட்டுக் கும்பிட்டான். துஷி அதை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள்.

முன் நுனியில் நாக்கை விட்டு நாலு விரல் அகலம். அந்தத் துண்டை மட்டும் கழுவிக்கொண்டு வந்தாள். வெளிச்சத்தில் பிடித்தோம்.

கறுப்பு. தார் மாதிரிக் கறுப்பு. உற்றுப் பார்த்தால் நடுவில் நிறைகுடத்துத் தேங்காய் மாதிரி ஒரு வட்டம். அதுவும் இருக்கிறது என்று நினைத்தால்தான் இருக்கிறது.

வசந்தி கதிரையில் இருந்துவிட்டார். ரூபன் வெளியே போய் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான்.

கஜன் என்னைப் பக்கத்தில் இழுத்தான். "ஐயா, இதோடை நிப்பாட்டுவம். வெளிநாட்டிலை இதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம். அனுப்புவம்."

பிழையான யோசனை இல்லை. அந்தச் சொட்டு நேரம் நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அனுப்புவது என்றால் இன்னும் சூடு, இன்னும் மெசின், இன்னும் மாதங்கள். அதைவிட வேறொன்று இருந்தது. சுற்றிய றோலில் முதல் படம் வெளிச்சுற்று. கடைசிப் படம் உள்ளுக்குள் உள்ளே. விளக்குச் சூடும் புகையும் முதலில் வெளிச்சுற்றைத்தான் தின்றிருக்கும். நாங்கள் வெட்டிப் பார்த்தது ஆகக் கெட்ட இடம்.

"உள்சுற்று இப்பிடி இராது" என்றேன்.

"நிச்சயமோ ஐயா?"

"இல்லை."

"இன்னொரு துண்டு வெட்டிப் பாப்பமோ?"

"வேண்டாம். பயத்திலை வெட்டத் தொடங்கினால் கடைசியிலை கழுவப் பிலிம் இராது."

ரூபனையும் வசந்தியையும் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வராமலும் போகலாம் என்றும் சொன்னேன். பொய்த் தைரியம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

ரூபன் சொன்னான். "அம்மா பயந்து பயந்து வைச்சிருந்தவ. நானும் பயந்து வைச்சிருந்தால் என்ரை பெடியன்தான் பேந்து இஞ்ச வந்து நிப்பான். கழுவுங்கோ."

வசந்தி தலையை ஆட்டினார்.

இப்படிப்பட்ட பிலிமுக்கு மருந்து கடுமையாக இருக்கவேண்டும், தண்ணீர் குளிராக இருக்கவேண்டும், நேரம் குறைவாக இருக்கவேண்டும். அப்போதுதான் கறுப்பு முந்தாமல் முகம் முந்தும். அன்று தாங்கித் தண்ணீர் வெயிலில் காய்ந்து கையைச் சுட்டது. பிறிஜ்ஜில் இருந்த ஐஸ் ஒரு கோப்பைக்கும் காணாது.

"ஐஸ்தானே அண்ணை வேணும்?" என்றான் ரூபன். மீன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து திறந்தான். துறைமுகத்து ஐஸ், பாதிப் பெட்டி. அதன் நடுவில் ஒரு பாரை மீன் கிடந்தது.

"உது என்ன?" என்றார் வசந்தி.

"உங்களுக்குத்தான். வீட்டை போகேக்கை தருவம் எண்டு."

"அப்பாவைக் கழுவ மீன் ஐஸோடா?"

"அவருக்கு அந்த மணம் பிடிக்கும்."

வசந்தி அன்று முதல்தரம் சிரித்தார். மருந்துப் பேணியை அந்த ஐஸுக்குள் இறக்கினோம். ஸ்ரூடியோ முழுக்க மீன் மணம்.

துஷி றோலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் வெளியே. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஐயா, பிலிம் கழுவிற சுருளிலை ஏறுதில்லை. வில்லு மாதிரித் திரும்பித் திரும்பிச் சுருளுது."

"இழுக்காதை."

"இழுக்கேல்லை. ஓரம் வெடிக்கிற சத்தம் கேக்குது."

வசந்தி கண்ணை மூடினார். நான் கதவோடு காதை வைத்துச் சொன்னேன். "நிப்பாட்டு. திருப்பிக் குப்பிக்குள்ளை போடு. நாளைக்குப் பாப்பம்."

துஷி உள்ளே இருந்து சொன்னாள்.

"இல்லை ஐயா. திருப்பிச் சுத்தினாலும் வெடிக்கும். நான் தட்டிலை செய்யிறன்."

தட்டில் செய்வது பழைய முறை. அகலத் தட்டில் மருந்தை ஊற்றி, பிலிமின் இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து, ஊஞ்சல் மாதிரி மாறி மாறி ஏற்றி இறக்குவது. ஒரு கை நழுவினால் பிலிம் நிலத்தில். துஷி அதற்கு முன் ஒரேயொரு தரம், ஒன்றுக்கும் உதவாத பிலிமில் செய்து பார்த்திருந்தாள். நான் கன தரம் செய்தவன். ஆனால் என் கை இப்போது நடுங்கும். கதவையும் திறக்க முடியாது.

நான் ஒன்று சொல்லியிருந்தேன். அவள் வேறொன்று சொல்கிறாள். பிலிம் அவள் கையில். அது எப்படி வளைகிறது, எங்கே வெடிக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது கதவுப் பலகை மட்டும்.

"செய்" என்றேன். "நேரம் நான் சொல்லுறன்."

கஜன் மணிக்கூட்டைப் பிடித்தான். நான் கதவுக்கு வெளியே நின்று நேரத்தைச் சத்தமாகச் சொன்னேன். உள்ளே மருந்து தளும்புகிற சத்தம். இடைக்கிடை தளும்பல் நிற்கும். மறுபடி தளும்பும். நிறுத்தவேண்டிய நேரம் எது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கறுத்த துண்டுக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் குறைத்தேன். "எடு" என்றேன்.

மற்ற மருந்தும் தண்ணீரும் முடிந்த பிறகுதான் கதவு திறந்தது.

துஷி பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கை வரை மருந்து. சட்டையெல்லாம் ஈரம். கொடியில் கொழுவினோம். முன் பாதி கறுப்பு. அதற்குப் பிறகு சாம்பல். சாம்பலுக்குள் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். தட்டம் பிடித்த பெண்கள். தாய்மாமன். மாலையோடு ஒரு சின்னப் பெட்டை.

"நான்" என்றார் வசந்தி.

கடைசிக்குக் கிட்ட நாலு பேர் வரிசையாக நின்ற படம். அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. வசந்திக்கே தெரியாது. சறம் கட்டிய ஒரு மனிதர், இடுப்பில் ஒரு குழந்தை. வலப்பக்கக் கரை இல்லை. பிலிம் அதோடு முடிந்துவிட்டது.

ரூபன் கிட்ட வந்து பார்த்தான். "முகம் கறுப்பாக் கிடக்கு அண்ணை. விளங்கேல்லை."

"நெகற்றிவ். கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும்."

கஜன் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்து, கறுப்பை வெள்ளையாகத் திருப்பிப் போட்டு ரூபனிடம் நீட்டினான்.

அவன் கனநேரம் பார்த்தான். இரண்டு விரலால் முகத்தைப் பெரிதாக்கினான். பிறகு குழந்தையைப் பெரிதாக்கினான். பிறகும் முகத்தை. கைபேசியைக் கஜனிடம் கொடுத்துவிட்டு வெளியே பைப்படிக்குப் போனான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"எத்தினை பிரதி போடுறது?" என்று துஷி கேட்டாள்.

"என்ரை வீட்டுக்கு ஒண்டு. அம்மாவுக்குப் பக்கத்திலை" என்றார் வசந்தி.

"எனக்கு ஒண்டு. படகுக்கு ஒண்டு."

"உப்புக்காத்து திண்டுபோடுமடா."

"திண்டால் இன்னொண்டு அடிப்பம்."

"கனடாவிலை மாமாவுக்கு ஒண்டு."

"திருச்சியிலை சித்தப்பாவுக்கு. பருத்தித்துறை மாமிக்கு."

"என்ரை மூத்தவளுக்கும் இளையவளுக்கும் தனித்தனி. இல்லாட்டி அடிபடுவாளவை." வசந்தி தம்பியைப் பார்த்தார். "உன்ரை பெடியனுக்கு?"

"அவன் சின்னன். கிழிச்சுப்போடுவான்."

"கிழிக்கட்டும். அவனுக்கும் ஒண்டு போடு பிள்ளை."

துஷி விரல்விட்டு எண்ணினாள்.

ஒன்பது.